சென்ட்ரல் லாக் கோளாறு: பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்கு ஜெலுத்தோங்கில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். கதவுப் பூட்டு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு ஒரே விளக்கத்தை வாரத்தில் நாலு தடவையாவது சொல்கிறேன். அவர்களில் பலர் அதற்குள் இரண்டு சாமான் வாங்கி மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். மாற்றிய சாமான் நல்லதாகவே இருக்கும், கோளாறு வேறு இடத்தில் இருக்கும். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"சென்ட்ரல் லாக்குன்னா என்னண்ணே? ஒரு பட்டனைத் தட்டுனா நாலு கதவும் எப்படிப் பூட்டுது?"

ஒவ்வொரு கதவுக்குள்ளும் பூட்டோடு சேர்ந்த ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. ஆக்சுவேட்டர் என்போம். 12 வோல்ட் கரண்ட் ஒரு திசையில் போனால் அது பூட்டும், திசை மாறினால் திறக்கும். கரண்ட் போவது ஒரு நொடிகூட இருக்காது. நீங்கள் கேட்கும் அந்த 'டக்' சத்தம் அதுதான்.

இந்த மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுப்பது ஒரு கண்ட்ரோல் பெட்டி. டாஷ்போர்டுக்கு அடியிலோ, கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னாலோ இருக்கும். ரிமோட், சாவித் துவாரம், ஓட்டுநர் கதவின் குமிழ், கதவிலுள்ள பட்டன் எல்லாம் அந்தப் பெட்டிக்குக் கட்டளை மட்டுமே கொடுக்கின்றன. ஆகக் கட்டளை கொடுப்பது ஒன்று, கேட்பது ஒன்று, வேலை செய்வது ஒன்று. இந்த மூன்றில் எது படுத்துவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

"பழுதுன்னா முதல்ல எதைப் பார்க்கணும்?"

கையில் எந்தக் கருவியும் வேண்டாம். காரின் நாலு கதவையும் சாத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு, ரிமோட்டால் ஒருமுறை, ஓட்டுநர் கதவுப் பட்டனால் ஒருமுறை, சாவியால் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். எந்தக் கதவு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

எதைக்கொண்டும் எந்தக் கதவும் அசையவில்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி, கண்ட்ரோல் பெட்டி. ரிமோட்டால் மட்டும் முடியவில்லை என்றால் ரிமோட். ஒரே ஒரு கதவு மட்டும் என்றால் அந்தக் கதவின் வயர், மோட்டார், பூட்டு. இந்தத் தாளோடு யாராவது வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

"எந்தக் கதவும் பூட்டலே. பெட்டி போயிருச்சுன்னு சொல்றாங்க, உண்மையா?"

பெட்டி கெடுவது உண்டு, ஆனால் அதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் ஃபியூஸ். காரின் கையேட்டிலோ ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ 'டோர் லாக்' எது என்று போட்டிருக்கும். பல கார்களில் அதே ஃபியூஸிலேயே உள்விளக்கு போன்ற வேறொன்றும் சேர்ந்திருக்கும். பூட்டோடு அதுவும் செத்திருந்தால் ஃபியூஸ்தான் என்று அநேகமாக முடிவு கட்டலாம். உருவிப் பார்த்தால் உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதே அளவைத்தான் திரும்பப் போட வேண்டும். 15 இருந்த இடத்தில் 30 போடுவது, வெள்ளித்தாள் சுற்றிச் செருகுவது, இதெல்லாம் வயரை எரிய விடும் வேலை. புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒரு வயர் காரின் தகட்டில் உரசி ஷார்ட் ஆகிறது. அதைத் தேடாமல் மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள்.

"சாவி போட்டா எல்லாம் பூட்டுது. ரிமோட் மட்டும் மக்கர். என்ன செய்ய?"

ரிமோட்டின் பேட்டரி. கம்பெனி ரிமோட்டில் பெரும்பாலும் சிஆர் 2032, சிஆர் 2025, சிஆர் 2016, சிஆர் 1620 மாதிரி 3 வோல்ட் காசு பேட்டரி இருக்கும். கார் வாங்கிய பிறகு வெளிக்கடையில் போட்ட அலாரத்தின் ரிமோட் சிலவற்றில் சுண்டுவிரல் நுனி அளவில் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். பழையதின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். 2032-க்குப் பதில் 2025 போட்டால் மெலிசாக இருந்து, தகடு சரியாகத் தொடாமல், ஒருநாள் வேலை செய்து ஒருநாள் செய்யாது.

பேட்டரி தளர்கிறது என்பதற்கு அடையாளம் தூரம் குறைவது. முன்பு மாடியிலிருந்து பூட்டியது இப்போது கதவருகே போனால்தான் பூட்டுகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. இன்னொரு சாவி வீட்டில் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அது வேலை செய்தால் கார்மேல் குற்றமில்லை. டிவி ரிமோட்டைப் பார்ப்பது போல ஃபோன் கேமராவில் பார்த்துவிட்டு 'வெளிச்சம் வரலே' என்று சொல்கிறவர்கள் உண்டு. இன்றைய கார் ரிமோட் பெரும்பாலும் ரேடியோ அலையில் பேசுவது. அது கேமராவில் தெரியாது.

"புது பேட்ரி போட்டும் பிடிக்கலேண்ணே."

திறந்தபோது உள்ளே இருந்த பச்சைப் பலகையைப் பாருங்கள். வியர்வையும் மழையும் பட்டு, பேட்டரி தொடும் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்ச் உடைந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். அமுக்கும்போது 'கிளிக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு காரணம் பிள்ளைகள். ரிமோட் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் வேறொரு எண்ணை அனுப்பும், காரும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வரும். கார் எட்டாத தூரத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்து பிள்ளை நிறைய தடவை அமுக்கி விளையாடினால் ரிமோட் முன்னால் ஓடிவிடும், கார் பின்தங்கிவிடும். அப்போது மறுபடி பதிய வேண்டும். அந்த முறை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

"கோயில்கிட்ட நிறுத்துனா மட்டும் ரிமோட் வேலை செய்யாது. வீட்டுல நல்லாத்தான் இருக்கு."

அப்படியானால் ரிமோட்டும் நல்லது, காரும் நல்லது. பக்கத்தில் அதே அலைவரிசையில் வேறு ஏதோ கத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் காருக்குள்ளேயே இருக்கும் மலிவான சார்ஜரும் டேஷ்கேமும்கூட இதைச் செய்யும். எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

வேண்டுமென்றே அலையை அடைத்து, கார் பூட்டாமல் போகும்படி செய்து திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது காரை எங்கோ தூரத்தில் விட்டுவிட்டு நடக்கிறோம். பட்டனை அமுக்கியதும் திரும்பிப் பார்க்காமல் போகாதீர்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடங்கள்.

"பின்கதவு வெளியே திறக்குது, உள்ளேருந்து திறக்கவே மாட்டேங்குது."

சைல்டு லாக். பிள்ளைகள் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாமல் இருக்க வைத்தது. கதவைத் திறந்து அதன் ஓரத்தில், கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைப் பாருங்கள். கார் கழுவும் இடத்தில் துணி பட்டே அது மாறிவிடும். காசு வேண்டாம்.

"இடது பின்கதவு மட்டும் பூட்டலே. மோட்டார் வாங்கிட்டு வரட்டுமா?"

வாங்காதீர்கள். முதலில் காதைக் கதவில் வையுங்கள். இன்னொருவரைப் பூட்டித் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, இல்லையென்றால் மோட்டார் எரிந்துவிட்டது. 'விர்ர்' என்று ஓடுகிறது, குமிழ் அசையவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, அல்லது மோட்டாரையும் பூட்டையும் இணைக்கும் கம்பி கழன்றுவிட்டது. குமிழ் பாதி வரை வந்து நின்றுவிடுகிறது என்றால் மோட்டார் பலவீனம், அல்லது பூட்டு இறுகியிருக்கிறது.

இந்தக் கடைசி இரண்டையும் பிரிக்க ஒரு வழி. கதவைத் திறந்தே வைத்திருங்கள். ஓரத்தில் தெரியும் கொக்கியை ஒரு ஸ்குரூ டிரைவரால் தள்ளுங்கள், கதவு சாத்தினால் எப்படித் திரும்புமோ அப்படி இரண்டு 'கிளிக்' வரும்வரை. இப்போது கார் கதவு மூடியிருப்பது போலத்தான் பூட்டுக்குத் தோன்றும். குமிழைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். விரலுக்கு வழுவழுப்பாகப் போனால் பூட்டு நல்லது, மோட்டார்தான் களைத்துவிட்டது. கையாலேயே அழுத்தி நகர்த்த வேண்டியிருந்தால் பூட்டில் அழுக்கு.

முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்து சாத்தினால் மூடிய கொக்கி தூணில் இருக்கும் வளையத்தில் போய் இடிக்கும். பெயிண்ட் போகும், கொக்கியும் வளையும். கையில் ஒரு சின்ன நாடா கட்டிக்கொள்ளச் சொல்வேன், ஞாபகத்துக்கு.

"மோட்டாரை மாத்தியாச்சு, புதுசு. இன்னும் அதே கதைதான்."

பாயான் பாருவிலிருந்து ஒரு அக்கா இப்படித்தான் வந்தார். ஓட்டுநர் கதவுக்கு இரண்டு மோட்டார் மாற்றியாகிவிட்டது. கதவைப் பாதி திறந்து வைத்தால் பூட்டுகிறது, முழுதாகத் திறந்தால் பூட்டவில்லை. அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கும் தூணுக்கும் நடுவில், கீல்களுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் வயர் எல்லாம் அதற்குள்தான் போகிறது. ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை கதவைத் திறக்கிறோம், ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் மடிந்து நிமிர்கின்றன. வருஷக்கணக்கில் மடிந்தால் செம்பு உள்ளே ஒடியும். அதிகம் திறக்கிற கதவு என்பதால் ஓட்டுநர் கதவில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

ரப்பரின் ஒரு முனையை விரலால் நெம்பி எடுத்து, பின்னால் தள்ளி, வயர்களை ஒவ்வொன்றாக இரு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நாலு வயர் இறுக்கமாக நின்றது. ஐந்தாவது ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது. மேலுறை முழுசாக இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே செம்பு ஒடிந்து, உறை மட்டும் நீண்டுகொண்டிருந்தது. வெட்டிப் பார்த்தால் முனை கறுத்துப்போய் இருந்தது. கடல் காற்று படுகிற ஊரில் கறுப்பு சீக்கிரம் ஏறும்.

சரிசெய்யும்போது ஒடிந்த இடத்தை மட்டும் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், அது மறுபடி அங்கேயே ஒடியும். வளையக்கூடிய பல இழை வயர் ஒரு துண்டைச் சேர்த்து, இணைப்பு ரப்பருக்கு வெளியே, மடியாத இடத்தில் வரும்படி ஈயப்பற்று வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். பல வயர் ஒடிந்திருந்தால் இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் முன்பின்னாக வையுங்கள். ஒன்றாகக் குவிந்தால் அந்த இடம் தடித்துவிடும். அந்தக் கதவின் பவர் விண்டோவும் ஸ்பீக்கரும் அடிக்கடி நின்று நின்று வருகிறதா என்றும் பாருங்கள். அவையும் அதே குழாய் வழியாகத்தான் வருகின்றன.

"டபிள்யூடி-40 அடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

அழுக்கை இளக்க அது நல்லது. ஆனால் நீடித்து நிற்கும் எண்ணெய் அல்ல. கொக்கியில் அடித்து, பழைய கிரீஸும் மண்ணும் கரைந்து ஒழுகியதும் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகப் போடுங்கள். சாவித் துவாரத்துக்குக் கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும். அங்கே கிராஃபைட் தூள்தான்.

"மீட்டர் இருக்கு. மோட்டாரா வயரான்னு நானே பார்க்க முடியுமா?"

முடியும். டோர் பேனலை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, மோட்டாரின் பிளக்கை உருவி, வயரிங் பக்கத்தில் இரண்டு ஊசியையும் வையுங்கள். 20 வோல்ட் டிசி அளவு. இன்னொருவர் பூட்டும்போது மீட்டர் ஒரு நொடிக்கு 12 வோல்ட் பக்கம் துள்ளும், திறக்கும்போது அதே அளவு மைனஸில் துள்ளும். டிஜிட்டல் மீட்டர் சில நேரம் இந்தச் சின்னத் துள்ளலைப் பிடிக்கத் தவறும், நாலைந்து தடவை செய்யுங்கள். 12 வோல்ட் சோதனை விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். மீட்டரில் 12 காட்டி, விளக்கு மங்கினால் வயரில் ஓரிரு இழைதான் மிச்சம் இருக்கிறது.

கரண்ட் வருகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார். கரண்ட் வரவில்லை என்றால் மேலே சொன்ன ரப்பர் குழாய், பிறகு பெட்டி. மோட்டாரைத் தனியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் தொட்டு எடுத்துவிடுங்கள், ஒரு நொடி போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் எரியும்.

"அக்சசரி கடையில ரெண்டு வயர் வேணுமா அஞ்சு வயர் வேணுமான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலே."

வெளியே வாங்கிப் போடும் செட்டைப் பற்றிய கேள்வி இது. பழைய கஞ்சில், சாகா போன்ற கார்களில் பலரும் பின்னால்தான் சென்ட்ரல் லாக் போட்டார்கள். அதில் இரண்டு வயர் மோட்டார் சொன்னதை மட்டும் செய்யும். ஐந்து வயர் மோட்டாருக்குள் ஒரு சுவிட்சும் இருக்கிறது. குமிழ் மேலே போனதா கீழே வந்ததா என்று பெட்டிக்குச் சொல்லும். அதனால் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து, மற்றதற்கு இரண்டு. இந்த மாதிரி செட்டில் வழக்கமாக நீலமும் பச்சையும் மோட்டாருக்கு, வெள்ளை, பழுப்பு, கறுப்பு மூன்றும் சுவிட்சுக்கு. கம்பெனி வயரிங்கில் நிறம் வேறாக இருக்கும், இதை அங்கே நம்பாதீர்கள்.

சில பழைய கார்களில் ஓட்டுநர் கதவில் மோட்டாரே இருக்காது, சுவிட்ச் மட்டும்தான். சாவியைத் திருப்பினால் மற்ற மூன்றும் பூட்டும். அந்தக் காரில் அலாரம் ரிமோட் போட்டால் மூன்று கதவு திறந்து ஓட்டுநர் கதவு மட்டும் பூட்டியே இருக்கும். அது பழுது இல்லை. அங்கே ஒரு மோட்டார் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

"பூட்டுன உடனே தானா திறந்துக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

பயப்பட வேண்டாம். பெட்டி பூட்டச் சொல்கிறது, ஓட்டுநர் கதவின் சுவிட்ச் 'இன்னும் திறந்துதான் இருக்கிறது' என்று பதில் சொல்கிறது. பெட்டி அதைத் திறக்கும் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. போன பதிலில் சொன்ன ஐந்து வயர் மோட்டாரின் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது கம்பி சரியான நீளத்தில் மாட்டப்படாமல் குமிழ் முழுதாக இறங்காமல் இருக்கலாம். வேறு யாரோ மோட்டார் மாற்றிய பிறகு ஆரம்பித்தது என்றால் இந்தக் கம்பிதான். திருகைத் தளர்த்தி ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தினால் நின்றுவிடும். ஓட்டுநர் கதவின் பிளக்கை மட்டும் உருவிவிட்டு ரிமோட்டால் பூட்டிப் பாருங்கள். மற்ற கதவுகள் பூட்டியபடி நின்றால் கோளாறு அங்கேதான்.

கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கார் நினைத்தாலும் இப்படி ஆகும். டாஷ்போர்டில் கதவு விளக்கு எரிகிறதா, உள்விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவைத்தால் ராத்திரியில் கார் பேட்டரியும் இறங்கும்.

"நான் தொடவே இல்ல, கார் தானா பூட்டிக்கிச்சு. சாவி உள்ளே!"

பல கார்களில் இது வசதியாகவே வைத்தது. ரிமோட்டால் திறந்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் விட்டால், பெரும்பாலும் 30 நொடியில், கார் மறுபடி பூட்டிக்கொள்ளும். பின்பக்கச் சாமான் பெட்டியை மட்டும் திறந்து சாமானை எடுத்து, சாவியை உள்ளே போட்டுச் சாத்திவிடுகிறோம். கதவு திறந்ததைச் சொல்லும் சுவிட்ச் கெட்டிருந்தால் காருக்கு நீங்கள் திறந்ததே தெரியாது, அதன் கணக்கில் 30 நொடி ஓடிக்கொண்டிருக்கும். அந்த சுவிட்ச் சந்தேகமாக இருந்தால் சாவியைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

ஓடும்போது குறிப்பிட்ட வேகத்தில் தானாகப் பூட்டுவதும் வசதிதான். இரண்டும் இல்லாமல், ராத்திரி நிறுத்தி வைத்த கார் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் ஒரு வயர் தோல் உரிந்து தகட்டைத் தொடுகிறது, இல்லையென்றால் பெட்டிக்குள் தண்ணீர்.

"பிள்ளை உள்ளே, சாவியும் உள்ளே, கதவு பூட்டிக்கிச்சு. அப்போ என்ன செய்றது?"

இன்னொரு சாவி ஓரிரு நிமிடத்தில் கைக்கு வருமென்றால் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் 999-க்கு அழையுங்கள், பொம்பா (தீயணைப்புப் படையினர்) வருவார்கள். நம் ஊர் வெயிலில் நின்ற காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். பிள்ளை சோர்ந்தாலோ, முகம் சிவந்து பதில் சொல்லாமல் இருந்தாலோ யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். பிள்ளை இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் அடியுங்கள். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சிறு சிறு துண்டாகத்தான் நொறுங்கும். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள், அதன் நடுவில் பிளாஸ்டிக் ஏடு இருக்கிறது. கண்ணாடி போனால் மாற்றிக்கொள்ளலாம்.

"காலையில நல்லா பூட்டுது, சில நாள் மெதுவா, ஈனமா அடிக்குது."

எல்லாக் கதவும் ஒரே மாதிரி ஈனமாக அடித்தால் கார் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது பூட்டிப் பாருங்கள், நிறுத்திவிட்டுப் பூட்டிப் பாருங்கள். சத்தத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே போனால் காலியாகிவிட்டது. இங்குள்ள சூட்டில் கார் பேட்டரி இரண்டு வருஷம் ஓடினாலே நிறைவு. ஒரு கதவு மட்டும் ஈனம் என்றால் மேலே சொன்ன கொக்கிச் சோதனை.

"மழை பெஞ்சா மட்டும் பிரச்சினை. வெள்ளத்துல நின்ன காடி வேற."

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி வழியாக இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகளால் வெளியே போய்விடும். அந்தத் துளைகளை மண் அடைத்தால் கதவைத் திறக்கும்போது 'களக் களக்' என்று கேட்கும். ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள். டோர் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை யாராவது கிழித்துவிட்டுப் போயிருந்தால் தண்ணீர் பேனலுக்கும் கம்பளத்துக்கும் வரும்.

வெள்ளம் வேறு விஷயம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்த கார்களில் உடனே கெட்டவை கொஞ்சம்தான். மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாக வந்தன. கால் பக்கம் இருக்கும் பெட்டியும் அதன் பிளக்கும் உள்ளே மெதுவாகப் பூத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தண்ணீர் கம்பளத்துக்கு மேல் ஏறிய கார் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து துடைத்துக் காயவைத்த பிறகே கரண்ட் கொடுங்கள். இன்னொன்று, முழு இன்சுரன்ஸ் எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதத்துக்குத் தனியாக ஒரு சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

"டோர் பேனலை நானே கழட்டலாமா?"

கழற்றலாம். பேட்டரியின் மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், பக்க ஏர்பேக் இருக்கும் காரில் இது கட்டாயம். திருகுகள் கைப்பிடிக் குழிக்குள்ளும், கைவைக்கும் இடத்தின் அடியிலும், கண்ணாடி மூலையின் முக்கோண மூடிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். எல்லாம் எடுத்த பிறகு கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, கடைசியில் பேனலை மேல்நோக்கித் தூக்க வேண்டும். இழுத்துப் பறிக்காதீர்கள், பின்னால் வயர்கள் இருக்கின்றன. நாலைந்து கிளிப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு உடையும். பிளாஸ்டிக் தாளைத் திரும்ப முழுதாக ஒட்டுங்கள். சில கார்களில் பக்க ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள் காற்றழுத்தத்தைத்தான் பார்க்கிறது, தாளில் ஓட்டை இருந்தால் அதுவும் தவறும்.

வாரண்டியில் இருக்கும் காரென்றால் எதையும் கழற்றாதீர்கள். அதன் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

"கதவு சாத்தின நிலையில மாட்டிக்கிச்சு. உள்ளேயும் திறக்கலே, வெளியேயும் திறக்கலே."

இதுதான் மிகக் கஷ்டமான வேலை, ஏனென்றால் பேனலைக் கழற்ற வேண்டிய திருகுகளும் சாத்திய கதவுக்குள் மறைந்திருக்கும். முதலில் இரண்டு பேர் சேர்ந்து முயலுங்கள். ஒருவர் ரிமோட்டால் திறந்துகொண்டே இருக்க, மற்றவர் வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி, கொக்கி இருக்கும் ஓரத்தில் உள்ளங்கையால் தட்ட வேண்டும். கதவை உள்பக்கம் அழுத்தியும் பாருங்கள். மோட்டார் சிக்கி நின்றிருந்தால் அந்த அதிர்வில் விடுபடும். விடாமல் அமுக்கினால் சில கார்களில் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் சீட்டை நகர்த்தி, பின்கதவானால் சீட்டையே கழற்றி, பேனலை உள்ளிருந்தே எடுத்துக் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். சில நேரம் பேனலை வெட்டுவதைத் தவிர வழி இருக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வெளியிலிருந்து கண்ணாடி இடுக்கில் தகட்டை விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே வயரும் ஏர்பேக் சென்சாரும் இருக்கின்றன. ஒருமுறை திறந்துவிட்டால் கொக்கியைச் சரிசெய்யும் வரை அந்தக் கதவைச் சாத்தாதீர்கள். 'சும்மா சாத்திப் பார்த்தேன்' என்று மறுநாளே திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

"கீலெஸ் காடி. சாவியோட பேட்ரி செத்துடுச்சு, கதவுல சாவித் துவாரமே இல்லையே?"

இருக்கும். சாவிக்குள்ளேயே ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும், பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளினால் வெளியே வரும். கதவின் துவாரம் சில கார்களில் கைப்பிடியோர மூடிக்குப் பின்னால் இருக்கும். திறந்ததும் அலாரம் அடிக்கலாம், பதற வேண்டாம். சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பல கார்களில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். கார் வாங்கிய அன்றே இதை ஒருமுறை செய்து பாருங்கள், அவசரத்தில் கையேட்டைத் தேட வேண்டியிருக்காது.

"புது சாமான் விலை அதிகம். ஹாஃப் கட் கடையில எடுக்கலாமா?"

பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடை அது. எடுக்கலாம், ஆனால் அங்கேயே 12 வோல்ட் பேட்டரியில் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் பத்துத் தடவை. ஒரே ஒரு தடவை தயங்கினாலும் வேண்டாம். கொக்கியோடு சேர்ந்து ஒரே பெட்டியாக வரும் மோட்டாரென்றால் பிளக்கின் ஊசி எண்ணிக்கையும் இடது வலதும் ஒன்றாக இருக்க வேண்டும், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அக்சசரி கடை மோட்டார் சில பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) புதிதாகவே கிடைக்கும். அதை ஏன் பழையதாக வாங்க வேண்டும்?

"அப்பாவோட பழைய மெர்சிடிஸ். கதவுல வயரே இல்ல, குழாய்தான் இருக்கு. பூட்டுன பிறகு பின்னாடி ஏதோ உறுமிக்கிட்டே இருக்கு."

டபிள்யூ 123, டபிள்யூ 124 போன்ற பழைய மெர்சிடிஸ் மாடல்களில் கதவைப் பூட்டுவது காற்று. 123-இல் இன்ஜினிலிருந்து உறிஞ்சிய வெற்றிடத்தை ஒரு தொட்டியில் சேர்த்து வைத்து அதனால் பூட்டுகிறார்கள். அதனால்தான் இன்ஜின் நின்ற பிறகும் சில தடவை பூட்ட முடியும். 124-இல் பின்பக்கம் ஒரு மின்பம்பு இருக்கிறது. பூட்டினால் ஒரு திசையில், திறந்தால் மறு திசையில் காற்றைத் தள்ளும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான். நல்ல நிலையில் ஒரு சில நொடியில் நின்றுவிட வேண்டும்.

நிற்காமல் ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. பம்பை மாற்றாதீர்கள், அது உழைப்பதால்தான் சத்தம் போடுகிறது. பம்பிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் மடித்துப் பிடித்துப் பூட்டிப் பாருங்கள். எந்தக் குழாயைப் பிடித்ததும் சத்தம் சட்டென்று நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. பிறகு அந்தக் கதவிலோ, பின்பக்கச் சாமான் பெட்டியிலோ, பெட்ரோல் மூடியிலோ இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்திருக்கும், அல்லது குழாயின் முனை காய்ந்து வெடித்திருக்கும். முனைதான் என்றால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் போதும். போன மாதம் ஒரு 124-இல் பெட்ரோல் மூடியின் குழாய் இப்படித்தான் வெடித்திருந்தது. வெட்டிச் செருகியதும் பம்பு மூன்றே நொடியில் நின்றது. கூட வந்திருந்த பெரியவர் நாலு தடவை பூட்டித் திறந்து கேட்டுக்கொண்டே நின்றார்.